பனிக்குள் கேட்ட சத்தங்கள்

போன தை மாதத்தில் ஒரு விடியற்காலை, விமான நிலையம் போவதற்காக டோல்கேட் மெட்ரோ நிலையத்தின் நடைமேடையில் நின்றிருந்தேன். தண்டையார்பேட்டையிலேயே பிறந்து வளர்ந்தவள் நான். இந்த ஊர்ப் பனிக்குள் எத்தனையோ காலைகள் நடந்திருக்கிறேன். ஆனால் பனியை மேலேயிருந்து பார்த்தது அன்றுதான். கீழே திருவொற்றியூர் நெடுஞ்சாலை முழுக்க வெள்ளையாகக் கிடந்தது. கன்டெய்னர் லாரிகளின் முகப்பு விளக்குகள் மட்டும் மங்கிய மஞ்சளாக ஊர்ந்தன. மொட்டை மாடிகளின் தண்ணீர்த் தொட்டிகள் வெள்ளைக்கு மேலே கருப்பாகத் தலை நீட்டிக்கொண்டிருந்தன. தலைக்கு மேலே பொட்டு மேகம் கிடையாது. வெளுக்கப் போகும் வானத்தில் சில நட்சத்திரங்கள்கூட மிச்சமிருந்தன. அப்போது துறைமுகப் பக்கமிருந்து ஒரு கப்பல் நிதானமாக, நீளமாக ஊதியது.

அந்த ஒரு சத்தம் போதும். நைனாவின் ரயில்வே கோட்டில் ஊறியிருந்த கிரீஸ் வாசனையும், ஆயா என் தலையில் இறுக்கிக் கட்டும் துண்டின் உறுத்தலும், போகி மேளச் சத்தமும் ஒன்றன் பின் ஒன்றாக வந்துவிட்டன. எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அந்தக் காலத்தில் வடசென்னையில் பல வீடுகளில் அப்படித்தான்.

கொருக்குப்பேட்டைப் பக்கம் தண்டவாளத்தை ஒட்டிய வீடு எங்களுடையது. நைனா சரக்கு யார்டில் பாயிண்ட்ஸ்மேன். மார்கழி பிறந்துவிட்டால் ஆயாவின் சட்டதிட்டங்கள் ஆரம்பமாகிவிடும். விடிவதற்கு முன் வாசல் தெளிக்கப் போகிறவர்கள் தலையில் துணி கட்டாமல் படி இறங்கக் கூடாது. ராத்திரி கொடியில் துணி கிடக்கக் கூடாது. வாசலில் கோலம் போடும்போதே மாவு ஈரத்தில் நனைந்து ஒட்டிக்கொள்ளும். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று ஆயா சொல்லும்போது, எங்கள் ஓட்டு வீட்டுக்கு மச்சு இல்லையே என்று தம்பி கேட்பான். “அதனாலதான்டா உன் மண்டையத் துளைக்குது” என்று துண்டை இன்னும் ஒரு சுற்று இறுக்குவாள்.

மற்ற ஊர்க்காரர்கள் பனியைக் கண்ணால் நினைவு வைத்திருப்பார்கள். எனக்குக் காதால்தான் நினைவிருக்கிறது. சாதாரண நாளில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து யார்டின் சத்தம்தான் கேட்கும். பனி நாளில் ஊர் முழுவதும் வீட்டுக்குள் வந்துவிடும். வேகன்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு ஓடும் அந்தத் தொடர் ஓசை, ராயபுரம் பேதுரு கோயில் மணி, ஏதோ ஒரு ஆலைச் சங்கு, துறைமுகத்தில் கப்பல் ஊதுவது, எல்லாம் படுக்கைக்குப் பக்கத்திலேயே கேட்கும். சில நாள் அலைச் சத்தம்கூடக் கேட்டதாக ஞாபகம். பனி கண்ணை மறைத்துவிட்டதால் காது கூர்மையாகிவிட்டது என்று நெடுங்காலம் நினைத்திருந்தேன்.

காரணம் காற்றில் இருக்கிறது. வழக்கமாகத் தரையருகே காற்று சூடாகவும், உயரே போகப் போகக் குளிர்ந்தும் இருக்கும். ஒலி குளிர்ந்த பக்கமாக வளையும் என்பதால் தூரத்துச் சத்தம் மேல்நோக்கி வளைந்து நம் தலைக்கு மேலே போய்விடும். பனி விழும் இரவில் இந்த அடுக்கு தலைகீழாகிறது. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்துக் கீழே தங்க, சற்று மேலே இருக்கும் காற்று அதைவிட வெதுவெதுப்பாக இருக்கிறது. ஒலி இப்போது கீழ்நோக்கி வளைந்து வெகுதூரம் தரையோடு ஓடி வருகிறது. பனியைத் தரையில் பிடித்துவைக்கும் அதே அடுக்குதான் கப்பலின் ஊதலையும் எங்கள் திண்ணைக்குக் கொண்டுவந்தது.

நைனா இதையெல்லாம் படித்தவர் இல்லை. ஆனால் ராத்திரிச் சாப்பாடு முடிந்து வெற்றிலை போட வாசலுக்குப் போனால் மறுநாள் பனியைச் சொல்லிவிடுவார். முதலில் அண்ணாந்து பார்ப்பார். நட்சத்திரம் கொள்ளையாக இருக்க வேண்டும். அப்புறம் பீடிப் புகையைப் பார்ப்பார். அது எந்தப் பக்கமும் சாயாமல் நேராக ஏறித் தயங்க வேண்டும். கடைசியாகத் தண்டவாள ஓரத்துப் புல்லில் காலை வைப்பார். ஈரமாக இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால், “நாளிக்கி பனி வேலைதான். எழுப்பிவுடு” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் படுத்துவிடுவார். பொய்த்ததாக எனக்கு நினைவில்லை.

பிற்பாடு வானிலைப் பாடம் படிக்கக் கிடைத்தபோது நைனாவின் மூன்று சோதனைகளும் அப்படியே அதில் இருந்தன. மேகம் இல்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்குத் தடையில்லாமல் விட்டுவிடுகிறது. மேகம் இருந்தால் அது போர்வையாக நின்று சூட்டைத் திருப்பி அனுப்பும். காற்று பலமாக வீசினால் மேல்காற்றும் கீழ்காற்றும் கலந்து, தரையருகே குளிர் தங்காது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை ஊற வைத்துவிட்டுப் போன மண், இரவெல்லாம் காற்றுக்கு ஈரம் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. ஈரமான காற்று குளிர்ந்து குளிர்ந்து, அதற்குமேல் ஈரத்தைத் தாங்க முடியாத நிலைக்கு வரும்போது தூசு ஒவ்வொன்றின் மேலும் நீர் படிகிறது. பார்வை 1 கிலோமீட்டருக்குக் கீழே போனால் வானிலைத் துறை அதை மூடுபனி என்று குறித்துக்கொள்ளும். மழை விலகி, வானம் துலங்கி, இரவு நீண்டிருக்கும் மார்கழிக் கடைசியும் தை மாதமும் இதற்கு வாய்ப்பான காலம். நல்ல மழை பெய்த வருஷத்துத் தை என்றால் சொல்லவே வேண்டாம்.

இன்னொன்றையும் நைனா சொல்வார். “சூரியன் வந்துட்டா போய்டும்னு நெனைக்காத. வந்த அரை மணி நேரம்தான் மோசம்.” ஜனவரியில் சென்னையில் ஆறரை மணிக்குப் பிறகுதான் சூரியன் எழும். முதல் வெயில் புல்லில் கிடக்கும் பனித்துளியை ஆவியாக்கி, அசையாமல் கிடந்த காற்றையும் லேசாகக் கிளறிவிடும். அந்த ஈரமும் சேர்ந்துகொண்டு மூட்டம் சற்று நேரம் கெட்டியாகும். அதற்குப் பிறகுதான் தரை சூடேறி அவிழும். பள்ளிக்கூடம் போகும் நேரமும் நைனா டியூட்டி முடியும் நேரமும் அந்தக் கெட்டியான நேரத்தில்தான் வரும்.

யார்டில் பனிக்கென்று ஒரு தகர டப்பா இருந்தது. அதற்குள் டெட்டனேட்டர்கள். ஆட்கள் பட்டாசு என்பார்கள். தட்டையான வட்டத் தகர வில்லை, இரண்டு பக்கமும் மெல்லிய வார். அந்த வாரை மடக்கித் தண்டவாளத் தலையில் கவ்வவிட்டால் இன்ஜின் சக்கரம் ஏறும்போது வெடிக்கும். ரயில்வேயில் இதற்குத் தெளிவான விதி உண்டு. ஸ்டேஷனிலிருந்து குறைந்தது 180 மீட்டர் தள்ளி ஒரு அடையாளக் கம்பத்தையோ சிக்னல் விளக்கையோ குறித்து வைத்திருப்பார்கள். அது கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் பனி ஏற்பாடு தொடங்கிவிட வேண்டும். ஆள் நடந்து போய், சிக்னலுக்கு 270 மீட்டர் முன்னாலேயே, 10 மீட்டர் இடைவெளியில் இரண்டு டெட்டனேட்டர்களைத் தண்டவாளத்தில் பொருத்த வேண்டும். வண்டி அதன்மேல் ஏறியதும் அடுத்தடுத்து இரண்டு வெடி. சிக்னல் பக்கத்தில் வந்துவிட்டது, கண்ணைத் திறந்து பார் என்று டிரைவருக்கு அர்த்தம்.

வட இந்தியாவில் குளிர்காலம் முழுவதும் நடக்கிற வேலை இது. நம் பக்கத்தில் அபூர்வம். அந்த டப்பா பெரும்பாலும் கேபின் மூலையில் தூங்கிக்கொண்டிருக்கும். ஆனால் ஒரு தை மாதத்தில், பொங்கல் கரும்பு இன்னும் வீட்டில் மிச்சமிருந்த நாளில், அது விழித்துக்கொண்டது. முந்தின ராத்திரி நைனா சொன்னபடியே பனி இறங்கியிருந்தது. வாசலில் நின்று கையை நீட்டினால் விரல் நுனி மங்கியது. எதிர்வரிசை வீடுகள் இல்லவே இல்லை. அம்மா அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். ஆயா என்னை மடியில் போட்டுக்கொண்டு சன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். எண்ணூர் பக்கமிருந்து ஒரு சரக்கு வண்டி வருவது முதலில் தரையதிர்வாகத் தெரிந்தது. பிறகு “டொம்”, ஒரு மூச்சு விடுவதற்குள் இன்னொரு “டொம்”. சன்னல் கம்பி அதிர்ந்தது. நான் பயந்து அழ ஆரம்பித்தேன். ஆயா என் காதைப் பொத்தவில்லை. முதுகைத் தட்டிக்கொடுத்து, “உங்க நைனாதான். வண்டிக்காரனுக்கு வழி சொல்றாரு” என்றாள்.

வண்டி வேகம் குறைந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, எங்கள் வீட்டைத் தாண்டிப் போனது. அதன் உருவம் கடைசிவரை தெரியவில்லை. இன்ஜினின் நெருப்புச் செம்மை மட்டும் ஒரு கணம் வெள்ளையில் பரவி மறைந்தது. நைனா வந்தபோது புருவம், மீசை, கோட்டு ரோமம் எல்லாவற்றிலும் பொடிப்பொடியாக நீர். “தனியா நின்னா பயமா இல்லையா நைனா?” என்று கேட்டேன். “வண்டி எந்தப் பக்கத்துலேர்ந்து வருதுன்னு காது சொல்லும். காத நம்பணும்” என்றார். கண் தெரியாத இடத்தில் தண்டவாளக் கட்டைகளை எண்ணிக்கொண்டு நடந்துபோய், யாரோ ஒரு முகம் தெரியாத டிரைவருக்காக வெடியை வைத்துவிட்டு வரும் அந்த வேலையின் பெருமை எனக்கு வளர்ந்த பிறகுதான் முழுதாகப் புரிந்தது.

காசிமேட்டிலிருந்து எங்கள் தெருவுக்கு அன்னக்கூடையில் மீன் கொண்டுவரும் ஒரு ஆயா உண்டு. பனி நாளில் அவள் தாமதமாக வருவாள். அவள் புருஷன் கட்டுமரக்காரர். நாங்கள் தாத்தா என்போம். முழங்கால் வீங்கி, கடலுக்குப் போவதை நிறுத்திய பின் அவரும் கூடையோடு துணைக்கு வருவார். எங்கள் திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்தபடி நைனாவும் அவரும் பேசிக்கொள்வதைக் கேட்பது எனக்குப் பள்ளிக்கூடத்தைவிடப் பிடிக்கும். ஒருவர் தண்டவாளத்தின் பக்கமிருந்தும் மற்றவர் கடலின் பக்கமிருந்தும் ஒரே பனியைப் பார்த்தவர்கள்.

“வாடை நின்னு வீசுற வரைக்கும் பனி எறங்காது நைனா” என்பார் தாத்தா. “வாடை தளந்து, ராத்திரி கரைக்காத்தும் சோம்பிப் போச்சுன்னா, அப்பத்தான் கரை காணாமப் போவும்.” வாடை என்பது வடக்கிலிருந்து வீசும் காற்று. கரைக்காத்து என்பது, இரவில் நிலம் கடலைவிடச் சீக்கிரம் குளிர்ந்துவிடுவதால் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவது. விடியலுக்கு முன் கட்டுமரம் பாய் விரித்துப் போவது அதை நம்பித்தான். அந்தக் காற்று மெலிந்து, நடக்கும் வேகத்தில் ஊர்ந்தால், மணலியிலும் கொசஸ்தலையாற்று ஓரத்திலும் உப்பளங்களிலும் பிறந்த பனியை மெதுவாகத் தள்ளிக்கொண்டு வந்து கடற்கரையில் நிறுத்தும்.

“கடல்ல எவ்ளோ தூரம் இருக்கும் தாத்தா?” என்று கேட்டேன் ஒரு நாள். “கொஞ்சந்தான் பாப்பா. எட்டுப் பாகம் தண்ணி தாண்டிட்டா வானம் தொறந்துக்கும். இது கரை போடுற பனி. கடலுக்கு இது புடிக்காது.” திரும்பி வருவதுதான் கஷ்டம் என்பார். வெளிக்கடலில் வெயில் அடிக்கும், கரைப்பக்கம் மட்டும் வெள்ளைச் சுவர் நிற்கும். அதற்குள் நுழைந்தபின் துடுப்பை நிறுத்திவிட்டுக் கேட்க வேண்டும். மணலில் ஏறும் அலைக்கு ஒரு சத்தம், கல்லில் மோதும் அலைக்கு இன்னொரு சத்தம். துறைமுகம் கட்டிய பிறகு அதற்கு வடக்கே இருந்த கடற்கரையைக் கடல் அரித்துக்கொண்டே வந்ததால், ராயபுரத்திலிருந்து மேலே கரை நெடுகப் பாறாங்கல் கொட்டியிருந்தார்கள். கல் சத்தம் கேட்டால் ஒதுங்க வேண்டும். பேதுரு கோயில் மணி எந்தக் காதில் விழுகிறது என்று பார்த்து மரத்தைத் திருப்ப வேண்டும்.

கரை போடும் பனி என்று தாத்தா சொன்னதன் ஆழம் எனக்கு வெகுகாலம் கழித்து, கடல் தாண்டிய ஊரிலிருந்து விளங்கியது. அக்கா மகன் சான் பிரான்சிஸ்கோவில் வேலைக்குப் போனவன், ஒரு ஜூலை மாதம் கோல்டன் கேட் பாலத்தின் வீடியோ அனுப்பினான். கோடைக்காலம், பட்டப்பகல். பசிபிக் கடலிலிருந்து மூடுபனி பெருகி வந்து பாலத்தின் கோபுரங்களை விழுங்கிக்கொண்டிருந்தது. நமக்கு எல்லாமே தலைகீழ். அங்கே கடற்கரையோரமாகக் காற்று வீசும்போது ஆழத்துக் குளிர்ந்த நீர் மேலே எழும்பி வருகிறது. கோடையிலும் அந்தத் தண்ணீர் 12, 13 டிகிரியில்தான் இருக்கிறது. வெளிக்கடலின் வெதுவெதுப்பான ஈரக்காற்று அந்தக் குளிர்நீரின் மேல் தவழும்போது கடல்மேலேயே பனியாகி, காற்றோடு ஊருக்குள் வருகிறது. நியூபவுண்ட்லாந்துக்கு அப்பால் வெப்ப நீரோட்டமும் லாப்ரடார் குளிர் நீரோட்டமும் சந்திக்கும் இடத்திலும், தென் அமெரிக்காவின் அட்டகாமா, ஆப்பிரிக்காவின் நமீப் பாலைவனக் கரைகளிலும் இதே கதைதான். மழையே பார்க்காத சிலி நாட்டுக் கரையில் மலைமேல் வலை கட்டிப் பனியிலிருந்து குடிநீர் பிடித்திருக்கிறார்கள்.

நம் வங்கக்கடலோ ஜனவரியில்கூட ஏறத்தாழ 26 டிகிரி வெதுவெதுப்பு. விடியற்காலையில் கரை 20, 21 டிகிரிக்கு இறங்கியிருக்கும்போது கடல்தான் சூடான பக்கம். நிலத்திலிருந்து போகும் பனிக்கு அடியிலிருந்து சூடு ஏறுகிறது. துளிகள் கரைந்துவிடுகின்றன. எட்டுப் பாகம் தண்ணி தாண்டினால் வானம் திறப்பது அதனால்தான். கடற்கரை ஊர் என்றாலே பனி கடலிலிருந்து வரும் என்று உலகத்துப் புத்தகங்கள் சொல்லும். எங்கள் கரையில் அது பின்னாலிருந்து, மண்ணிலிருந்து, நாங்கள் வாழும் இடத்திலிருந்து வந்தது. ஆகவே அதற்குள் என்ன கலந்திருக்கும் என்பதை நிர்ணயித்ததும் நாங்கள் வாழ்ந்த வாழ்க்கைதான்.

துறைமுகத்தில் வின்ச் ஓட்டிய மாமா ஒருவர் எங்களுக்குக் கப்பல் மொழி கற்றுக்கொடுத்தார். பார்வை குறைந்தால் கப்பல் எப்படி ஊத வேண்டும் என்பதற்கு உலகம் முழுவதற்கும் பொதுவான விதி இருக்கிறது. இயந்திரத்தால் ஓடும் கப்பல் நகர்ந்துகொண்டிருந்தால், 2 நிமிடத்துக்கு மிகாத இடைவெளியில், நான்கு முதல் ஆறு விநாடி நீளும் ஒரு ஊதல். இன்ஜினை நிறுத்தி அசையாமல் நின்றால் இரண்டு நீள ஊதல். வலை இழுக்கும் படகு என்றால் ஒரு நீளம், இரண்டு குட்டை. நங்கூரம் போட்டிருந்தால் நிமிடத்துக்கு ஒருமுறை வேகவேகமாக மணி. தம்பியும் நானும் போர்வைக்குள் படுத்தபடி, “இது போவுது”, “இது நிக்கிது” என்று சொல்லிக்கொண்டிருப்போம். மெட்ரோ நடைமேடையில் அந்த ஊதல் கேட்டதும் என் உதடு தானாக “போவுது” என்றது. பக்கத்தில் நின்ற பெண் காதிலிருந்து இயர்போனைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள்.

ஆயாவின் உப்பு ஜாடி மார்கழியில் ஓயாமல் கசியும். பரணில் துணி சுற்றி வைத்தாலும் அடியில் நீர் கோத்துக்கொள்ளும். காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தொட்டாலே உப்பு தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கிவிடும் என்பது இயற்பியல் கணக்கு. கடற்கரைக் காற்றில் அலை உடைந்து தெறித்த உப்புத்தூள் எப்போதும் மிதக்கிறது. அதனால் காற்று முழுதாக ஈரத்தில் நிறைவதற்கு முன்பே, அந்தத் தூள்கள் நீரைச் சேர்த்துப் பருத்து, ஊரை மங்கலாக்கிவிடும். உள்நாட்டில் விடியலில் தொடங்கும் மூட்டம் எங்களுக்கு ராத்திரி இரண்டாம் ஆட்டம் விடும்போதே தெருவிளக்கைச் சுற்றி வட்டம் போட்டுவிடும். அந்த நாட்களில் அகஸ்தியா தியேட்டரிலிருந்து திரும்பும் கூட்டம் அந்த வட்டங்களுக்கு அடியில் பேசிக்கொண்டே நடந்துபோகும்.

உப்போடு கரியும் சேர்ந்துகொண்டது. துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் குவிந்து கிடந்த காலம். யார்டு வழியாகத்தான் அவை திறந்த வேகன்களில் போகும், வரும். ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் வெள்ளைச் சட்டையைக் கொடியில் உலர்த்தியவர்களுக்கு அந்தத் தூள் தெரியும். பனி நாளில் வாசலில் வைத்த எவர்சில்வர் குடத்தின்மேல் படிந்த துளியை விரலால் துடைத்தால் விரல் கருக்கும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பின் 2011 அக்டோபரிலிருந்து சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் கையாளுவது நின்றது. எங்கள் பக்கத்து மாடிகளில் வேட்டி வெள்ளையாக உலர்ந்தது. ஆனால் அந்தச் சரக்கு எண்ணூருக்கு இடம்மாறியது. அங்கேயும் மாடிகள் உண்டு, கொடிகள் உண்டு, குழந்தைகள் உண்டு. அதை நினைக்காமல் எங்கள் வேட்டியின் வெள்ளையை என்னால் கொண்டாட முடிந்ததில்லை.

தூசுக்கும் பனிக்கும் உள்ள உறவை 1880-ல் ஸ்காட்லாந்தின் ஜான் ஐட்கன் எளிய சோதனை ஒன்றில் காட்டினார். இரண்டு கண்ணாடிப் பாத்திரங்கள். ஒன்றில் சாதாரணக் காற்று, இன்னொன்றில் பஞ்சு வழியாக வடிகட்டிய காற்று. இரண்டுக்குள்ளும் நீராவியை விட்டார். சாதாரணக் காற்று இருந்த பாத்திரம் வெள்ளையாக மூடிக்கொண்டது. வடிகட்டிய காற்று கண்ணாடிபோலத் தெளிவாகவே நின்றது. நீர் படிய ஒரு தூசு வேண்டும். தூசு எவ்வளவு பெருகுகிறதோ, அதே ஈரம் அவ்வளவு அதிகமான பொடித்துளிகளாகப் பிரிந்து நிற்கும். பொடித்துளிகள் சீக்கிரம் தரையில் விழாது. பார்வையை அதிகமாக மறைக்கும்.

இந்தச் சோதனையைத் தண்டையார்பேட்டை வருஷாவருஷம் போகியன்று தெருவில் நடத்திக்கொண்டிருந்தது. நான் சிறுமியாக இருந்தபோது போகி என்றால் கிழிந்த பாய், நைந்த துடைப்பம், ஓலை, பழைய முறம். விடிவதற்கு முன் வாசலில் சின்னதாக ஒரு தீ. சுற்றி நின்று குளிர் காய்ந்துகொண்டே தோல் கட்டிய குட்டி மேளத்தைத் தட்டுவோம். மண் சட்டி மேளம், ஒரு குச்சி, விடிய விடிய அதே தாளம். மேளத் தோல் பனியில் தொய்ந்துவிட்டால் தீயில் காட்டி முறுக்கேற்றுவோம். அந்த ஓலைப் புகை வாசனை இன்றைக்கும் எனக்குப் பிடிக்கும்.

பிறகு எப்போது என்று சொல்ல முடியவில்லை, தீயில் டயர் வந்தது. சைக்கிள் டயர், அப்புறம் லாரி டயர். பிளாஸ்டிக் வாளி, ரெக்ஸின் பை, நைலான் கயிறு வந்தன. வானம் தெளிந்து, காற்று அசையாமல், ஈரம் நிறைந்து, தரையின் குளிர்காற்றுமேல் வெதுவெதுப்பான காற்று மூடிபோட்டு நிற்கும் அந்த வேளையைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்ததைப் போல ஊர் முழுவதும் ஒரே நேரத்தில் புகையை மூட்டியது. புகைக்கு மேலே போக வழியில்லை. ஒரு போகி விடியலில் தம்பிக்கு இழுப்பு வந்தது. நைனா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு தெருமுனை வரை ஓடினார். ரிக்‌ஷா எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. நைனா நின்றார், காது கொடுத்தார், ரிக்‌ஷா மணி வந்த பக்கமாகக் குரல் கொடுத்தார். தம்பி பிழைத்துக்கொண்டான். அதற்கப்புறம் எங்கள் வீட்டு வாசலில் போகித் தீ எரிந்ததில்லை.

1952 டிசம்பரில் லண்டன் மாநகரத்தின்மேல் இதே மூடி ஐந்து நாள் நகராமல் நின்றது. கரியடுப்புப் புகையும் பனியும் கலந்ததில் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். 1956-ல் அந்த நாடு தூய காற்றுச் சட்டம் கொண்டுவந்தது. நம் ஊரில் 2018 போகியன்று விமானங்கள் இறங்க முடியாமல் பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் திருப்பிவிடப்பட்டன. பல தாமதமாயின. செய்தித்தாள்களில் விமானப் பயணிகளின் அவதி பெரிதாக வந்தது. எனக்கு அன்று தெருக்களில் தோளில் பிள்ளையைச் சுமந்துகொண்டு ஓடியிருக்கக்கூடிய அப்பாக்கள்தான் நினைவுக்கு வந்தார்கள்.

இப்போது வடக்கே ஓடும் ரயில்களில் அடுத்த சிக்னல் எவ்வளவு தூரம் என்று டிரைவருக்குச் சொல்லும் ஜி.பி.எஸ். கருவி இருக்கிறது. காசிமேட்டு ஃபைபர் படகில் ஏறும் பையன் கரையின் திசையைக் கைப்பேசியில் பார்க்கிறான். துறைமுகத்து நூற்றாண்டுக் கட்டடத்தின் உச்சியில் வானிலைத் துறையின் டாப்ளர் ராடார் 2002-ல் சுழலத் தொடங்கியது. இவையெல்லாம் உயிர்களைக் காப்பவை, எனக்கு இவற்றின்மேல் நன்றி உண்டு. ஆனாலும் நைனாவும் தாத்தாவும் வாசலில் நின்று படித்த அந்தப் பாடம் பிள்ளைகளுக்குத் தெரியாமல் போவதில் வருத்தம் இருக்கிறது. எங்கள் தெருவில் காலால் தொட்டு ஈரம் பார்க்கப் புல் இல்லை. சிமென்ட்டும் தாரும் பகலில் குடித்த வெயிலை இரவெல்லாம் விட்டுக்கொண்டிருப்பதால் வீடுகள் நெருங்கிய இடத்தில் பனி முன்போல் இறங்குவதும் இல்லை. தண்டவாளத்தோரம், கால்வாயோரம், கொசஸ்தலையாற்றுக் கரையோரம் என்று மண் திறந்து கிடக்கும் இடங்களில்தான் அது பழைய பலத்தோடு பிறக்கிறது. பனி பிறக்கிறது என்றால் அங்கே மண் இன்னும் ஈரத்தை வைத்திருக்கிறது என்று பொருள். எண்ணூர்க் கழிமுகத்தையும் சதுப்பையும் சாம்பலும் மண்ணும் கொட்டித் தூர்ப்பதை எதிர்க்கிற மீனவர்கள் அதையும் சேர்த்துத்தான் காப்பாற்றுகிறார்கள்.

தம்பியின் பேத்திக்கு இப்போது ஏழு வயது. அவளை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய் மூன்று சோதனையும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். நட்சத்திரம் பார்க்க வேண்டும். காற்றுக்கு ஊதுபத்திப் புகை பார்க்க வேண்டும். ஈரத்துக்குத் தொட்டிச் செடி இலையைத் தடவ வேண்டும். நான்காவதாக ஒன்றை அவளே சேர்த்துக்கொண்டாள். “யாராவது எதையாவது எரிக்கிறாங்களான்னும் பாக்கணும் இல்ல ஆயா?” என்றாள். மழையும் வானமும் காற்றும் தம் போக்கில் வரும். அந்த நான்காவது மட்டும் நாம் வைப்பது. போகிக்கு முன்னதாகவே பழைய துணியையும் டயரையும் வாங்கிக்கொள்ள மாநகராட்சித் துப்புரவுத் தொழிலாளர்கள் இப்போது வருகிறார்கள். எங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டி அதைச் சொல்லிவிட்டு வருவது அவளும் நானும் சேர்ந்து ஏற்றுக்கொண்ட வேலை. பாதி வீடுகள் கேட்கின்றன. மீதி வீடுகளுக்கு அடுத்த மார்கழியிலும் போவோம்.